கிரவல் ஒழுங்கையில் கார் வைத்திருப்பவருக்கு: வீட்டிலேயே கழுவிப் பராமரிக்க முதலில் எதை வாங்குவது?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி காபெற் போட்டு வழுக்கிக்கொண்டு கிடக்கிறது. அதிலிருந்து வீட்டுக்கு இறங்குகிற ஒழுங்கை மட்டும் இன்னும் கிரவல்தான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இரவு நிறுத்திய கார் காலையில் செம்மண் நிறத்தில் நிற்கும். பழைய துவாய் ஒன்றால் தட்டித் துடைத்துவிட்டு வேலைக்குப் போவது நம்மில் பலரின் பழக்கம். அப்படி ஒரு வருடம் துடைத்த காரை நல்ல வெயிலில் நிறுத்திப் பொனட்டைச் சரிவாகப் பாருங்கள். சூரியன் தெறிக்கிற இடத்தைச் சுற்றி மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரியும். கறுப்புக் காரில் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளைக் காரிலும் இருக்கும், கண்ணில் படுவது குறைவு, அவ்வளவுதான். அந்தக் கீறல்களைப் போட்டது ரோட்டு அல்ல, துவாய்.

நம் மண்ணில் கலந்திருக்கிற குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை மோ அளவுகோலில் 7. சாதாரண கண்ணாடியையே அது கீறும். காரின் நிறத்துக்கு மேலே பாதுகாப்பாக இருக்கிற கிளியர் கோட் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரோன் தடிப்புத்தான். போட்டோகொப்பித் தாள் ஒன்றே ஏறக்குறைய 100 மைக்ரோன். அந்த மெல்லிய படலத்தின் மேல் மணலை வைத்துத் தேய்த்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே இந்த வழிகாட்டியில் வாங்கும் ஒழுங்கு வேறு மாதிரி இருக்கும். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது பொலிஷ், வக்ஸ், டயர் மினுக்கி. நீங்கள் முதலில் காசு போட வேண்டியது மண்ணைக் கீறாமல் எடுக்கிற சாமான்களுக்கு. மினுக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வகன் ஆர், அக்சியோ, அக்குவா எல்லாம் என்ன விலைக்குக் கைமாறின என்பது எல்லோருக்கும் தெரியும். கையில் இருக்கிற பெயின்ட்டைக் காப்பாற்றுவது வீண் செலவு இல்லை.

முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்

சாமான் வாங்கப் போகுமுன் வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீர். அதில் இருக்கிற கல்சியமும் மக்னீசியமும் காரின் மேலும் அதே வேலையைச் செய்யும். தண்ணீர் காய்ந்ததும் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டுகள் நிற்கும். வெயிலில் அப்படியே விட்டால் பெயின்ட்டில் பதிந்து, பிறகு கழுவினாலும் போகாது. சில இடங்களில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் தாங்கியில் ஓர் இரவு நின்றால் அடியில் துருநிறமாகப் படியும். அந்த அடித் தண்ணீரை ஒருபோதும் காருக்குப் பாவிக்காதீர்கள்.

இதற்கு மெசின் எதுவும் தேவையில்லை. கழுவுவது கிணற்றுத் தண்ணீராலேயே நடக்கட்டும், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரால். கூரை மழைநீரைத் தாங்கியில் சேர்க்கிற வீடு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மழைநீரில் உப்பு அநேகமாக இல்லை. இல்லாவிட்டால் குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீரில் 10 லீற்றர் ஒதுக்குங்கள். ஒரு சிறிய காருக்கு அது போதும். ஏசி பூட்டிய வீட்டில் வெளியே சொட்டுகிற தண்ணீரையும் வாளியில் பிடித்து வைக்கலாம், அதுவும் மென்னீர்தான்.

பொட்டு ஏற்கெனவே விழுந்திருந்தால் வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, குளிர்ந்த பெயின்ட் மேல் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, உடனே நன்றாக அலசுங்கள். புதுப் பொட்டு போய்விடும். பழையது போகாது. அதை வினாகிரியால் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள்.

குளத்திலோ வாய்க்காலிலோ காரை இறக்கிக் கழுவுவது பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே ஆட்கள் குளிக்கிறார்கள், மாடு தண்ணீர் குடிக்கிறது, தண்ணீரில் கலங்கல் மண் இருக்கிறது. ஊருக்கும் கூடாது, பெயின்ட்டுக்கும் கூடாது. வீட்டில் கழுவும்போதும் கிணற்றுக் கட்டிலிருந்து தள்ளி, தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடாத மேட்டில் நிறுத்துங்கள்.

வாளி, மிட், துவாய்

வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கார் மேல் ஓடிய மிட்டை (கையுறைபோல் மாட்டித் தேய்க்கிற துணி) முதலில் வெறும் தண்ணீரில் அலசி மண்ணைக் கழற்றிவிட்டுத்தான் ஷம்பு வாளிக்குள் விட வேண்டும். ஒரே வாளி என்றால் எடுத்த மண்ணையே திரும்பப் பூசுகிறீர்கள். இதற்கென்று விற்கிற வாளிகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பெயின்ட் வேலை செய்பவரிடம் 20 லீற்றர் வெற்று வாளி கேட்டால் தருவார். தண்ணீரில் கரைகிற சுவர்ப் பெயின்ட் இருந்த வாளியாகப் பார்த்து எடுத்து, உள்ளே காய்ந்து ஒட்டியிருக்கிற பெயின்ட்டை முழுவதும் உரித்துக் கழுவுங்கள். உரியாத துண்டு ஒன்று மிட்டில் ஒட்டினாலும் அதுவே கீறும். மூன்றாவதாக ஒரு சின்ன வாளி சில்லுகளுக்கு. அதை வேறு நிறத்தில் வாங்குங்கள். வீட்டில் யார் உதவிக்கு வந்தாலும் மாறிப் போகாது.

வாளியின் அடியில் போடுகிற தட்டிபோன்ற பிளாஸ்டிக் சல்லடை ஒன்று விற்கிறார்கள். அலசும்போது மண் அதற்குக் கீழே இறங்கித் தங்கும். வேறு ஊரில் இருந்தால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லியிருப்பேன். இங்கே இரண்டாம் தடவை அலசும்போதே வாளியின் அடி சிவந்துவிடும், வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அரைவாசியில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

ஸ்பொஞ்ச் வேண்டாம். அதன் முகம் தட்டையாக இருப்பதால் மணல் உள்ளே போகாமல் ஸ்பொஞ்சுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் நின்று தேயும். கையில் மாட்டுகிற மைக்ரோபைபர் மிட் வாங்குங்கள். நீண்ட நூல்கள் தொங்குகிற வகை நல்லது. மணல் அந்த நூல்களுக்குள் ஏறிக்கொள்ளும், தண்ணீரில் உதறினால் இறங்கும். செம்மறி ஆட்டுக் கம்பளி மிட் இன்னும் மென்மையானது. ஆனால் விலை கூட, காய நேரம் எடுக்கும், மாரி காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஆரம்பத்துக்கு மைக்ரோபைபர் போதும்.

காய வைக்கிற துவாய்தான் நான் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற ஒரே சாமான். பெட்டியில் ‘ஜிஎஸ்எம்’ என்று ஓர் எண் இருக்கும், ஒரு சதுர மீற்றர் துணியின் நிறை கிராமில் அது. காய வைக்க 500க்கு மேலே, ஆளை மூடுகிற அளவுக்குப் பெரிதாக ஒன்று. உட்பக்கம் துடைக்க, ஸ்பிரே தடவ 300 முதல் 400 வரை உள்ள சிறு துணிகள் ஐந்தாறு. கடையில் துணியை எடுத்து விளிம்பைத் தடவிப் பாருங்கள். தடித்த நைலோன் தையலும் குத்துகிற லேபிளும் இருந்தால் அந்த லேபிளே கீறும். லேபிளைக் கத்தரிக்கலாம், முரட்டு விளிம்பை ஒன்றும் செய்ய முடியாது. அப்படியானதை எடுக்க வேண்டாம். பழைய ரீசேட், பழைய சாரம், குளியல் துவாய் எல்லாம் எஞ்சின் பக்கத்துக்கும் கதவு விளிம்புக்கும் சரி. பெயின்ட்டுக்கு இல்லை.

ஷம்பு

சட்டி பானை கழுவுகிற திரவமும் உடுப்புத் தோய்க்கிற பவுடரும் வீட்டில் இருக்க, காருக்கென்று தனியாக எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாத்திரத் திரவம் எண்ணெயை உரிக்கவென்றே செய்தது. நீங்கள் பூசிய வக்ஸும் அதற்கு எண்ணெய்போலத்தான். தோய்க்கிற பவுடர் காரத்தன்மை கூடியது, ரப்பர் விளிம்புகளையும் பிளாஸ்டிக்கையும் நாளடைவில் வெளிற வைக்கும். கட்டிச் சவர்க்காரம் வன்னீரில் நுரைக்காது, திரிதிரியாகப் படியும்.

லேபிளில் ‘பிஎச் நியூட்ரல்’ (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று இருக்கிற சாதாரண கார் ஷம்பு ஒன்று போதும். ‘வொஷ் அண்ட் வக்ஸ்’ என்று இரண்டும் கலந்தது விற்கிறார்கள். அதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி வக்ஸ் பூசாமல் விடாதீர்கள். 3எம், டேர்ட்டில் வக்ஸ், சொனக்ஸ் மாதிரித் தெரிந்த பெயர்களில் எதை எடுத்தாலும் ஆரம்பக்காரருக்கு வித்தியாசம் பிடிபடாது. போத்தலைத் திருப்பி, சீல் உடையாமல் இருக்கிறதா, இறக்குமதியாளரின் பெயரும் உச்ச சில்லறை விலையும் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெயில் படுகிற கண்ணாடி அலுமாரியில் நீண்ட நாள் நின்று லேபிள் வெளிறிய போத்தல் வேண்டாம்.

அளவை லேபிளில் பார்த்து மூடியால் அளந்து விடுங்கள். கூட விட்டால் கூடச் சுத்தமாகாது, அலசத்தான் கூடத் தண்ணீர் போகும்.

தண்ணீர் அடிக்கிற கருவி

புதிதாகத் தொடங்குபவர் பிரஷர் வொஷருக்குத்தான் முதலில் ஆசைப்படுவார். நல்ல சாமான்தான். ஆனால் இங்கே அதை வாங்குமுன் மூன்று விடயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, தண்ணீர் எங்கிருந்து வரும்? பெரும்பாலான சிறிய மெசின்கள் குழாய்த் தண்ணீரில் பூட்டத்தான் செய்தவை. கிணற்றுக்குள் பைப்பை விட்டால் இழுக்காது. வாளியிலிருந்து இழுக்கக் கூடியது என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் அது ஒன்றரை அடி, இரண்டு அடி உயரத்துக்குத்தான். உயரத்தில் தாங்கி இருந்தால் அதன் குழாயில் பூட்டலாம். உள்நுழைகிற வாயில் சல்லடை பில்டர் கட்டாயம் இருக்க வேண்டும். மணல் ஒன்று உள்ளே போனால் பம்பின் சீல் தேய்ந்துவிடும், அதற்குரிய பாகத்தைத் தேடி அலைய வேண்டி வரும்.

இரண்டு, மின்சாரம். வீட்டுக்கு வாங்குகிற சிறிய மெசின் ஏறக்குறைய 1,400 வோட். 230 வோல்ட்டில் அது 6 அம்பியர் இழுக்கும். முற்றத்துக்கு நீட்டுகிற மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகி உருகும். தடித்த வயர் பாவியுங்கள், சுருளாக வைக்காமல் முழுவதும் விரித்து விடுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் ஈரத்தில் நின்று இந்த மெசினைப் பாவிக்கவே வேண்டாம்.

மூன்று, அமுக்கம். 100 முதல் 130 பார் வரை காருக்குப் போதும். அதற்கு மேல் எண்ணைக் காட்டி விற்றால் மயங்காதீர்கள். ஊசிபோல் ஒரே கோட்டில் அடிக்கிற நுனியும் சுழன்று அடிக்கிற நுனியும் சீமெந்துத் தரைக்கு உரியவை, பெயின்ட்டை உரித்துவிடும். விசிறிபோல் விரிந்து அடிக்கிற நுனியைப் போட்டு, ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். ஏற்கெனவே ஒட்டுப்போட்டுப் பெயின்ட் அடித்த இடம், கல் பட்டுத் தெறித்த இடம் இவற்றில் இன்னும் தள்ளி.

இந்த மூன்றும் சரிவராத வீட்டுக்கு நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. வயலுக்கு மருந்தடிக்கிற 16 லீற்றர் பற்றரி டாங்கி. விவசாயச் சாமான் விற்கிற கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். அதன் அமுக்கம் மூன்று நான்கு பார்தான், சேற்றைப் பெயர்க்காது. ஆனால் தூசியைத் தொடாமல் ஊற வைத்து வழிய விடுவதுதான் நமக்கு வேண்டியது, அதை அருமையாகச் செய்யும். ஒரு டாங்கித் தண்ணீரில் ஓர் அக்குவாவைக் கூரையிலிருந்து சைட் பலகை வரை நனைத்துவிடலாம். வயர் இல்லை, குழாய் இல்லை, மரநிழல் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோகலாம். கூம்புபோல் விரிகிற நுனியைப் போடுங்கள். என்னைக் கேட்டால் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிற வீட்டுக்கு முதல் வருடம் பிரஷர் வொஷரை விட இதுதான் பொருத்தம். மாரியில் மட்டும் மட்காட்டுக்குள் அப்புகிற களிக்கு ஹோஸ் வேண்டும்.

ஒரு கண்டிப்பான நிபந்தனை. புதிய டாங்கி வாங்க வேண்டும், அதில் ‘காருக்கு மட்டும்’ என்று பெயின்ட்டால் எழுதி வைக்க வேண்டும். களைநாசினி, பூச்சிநாசினி அடித்த டாங்கியை எத்தனை தரம் கழுவினாலும் காருக்கு எடுக்காதீர்கள். தெறிப்பது உங்கள் முகத்தில், பிறகு கதவுக் கைபிடியைத் தொடுவது பிள்ளைகள். மாறி, ஷம்பு விட்ட டாங்கி வயலுக்குப் போவதும் நல்லதல்ல.

முதல் கழுவல்

வெயில் ஏறுமுன் காலையில், அல்லது மாலை ஐந்து மணிக்குப் பிறகு. பொனட்டில் புறங்கையை வையுங்கள், சுட்டால் காத்திருங்கள். சூடான தகட்டில் ஷம்பு காய்ந்து கறையாகிவிடும். காற்று அடிக்கிற நாளில் கழுவுவதில் பயனில்லை, காயுமுன் திரும்பத் தூசி ஒட்டும்.

சில்லுகளை முதலில் முடியுங்கள், அதற்குரிய வாளியாலும் பிரஷ்ஷாலும். பிறகு கார் முழுவதையும் நனைத்து, ஐந்து நிமிடம் ஊற விட்டு, மேலிருந்து கீழாக மண்ணை வழிய விடுங்கள். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். கை படுமுன் எவ்வளவு மண் இறங்குகிறதோ அவ்வளவுக்குக் கீறல் குறையும். டாங்கியில் சிறிது ஷம்பு கலந்து அடித்து ஊற விட்டால் இன்னும் நல்லது.

இப்போது மிட். கூரை, கண்ணாடிகள், பொனட், கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். இந்த ஒழுங்கு மாறக்கூடாது, ஏனென்றால் சொரசொரப்பான மண் முழுவதும் கீழேதான் இருக்கிறது. அமுக்கித் தேய்க்க வேண்டாம், மிட்டின் பாரமே போதும். வட்டமாகச் சுற்றாமல் நேர்கோட்டில் இழுங்கள். ஒரு கதவு முடிந்ததும் மிட்டைத் திருப்பி வெறும் தண்ணீர் வாளியில் அலசுங்கள். பிறகு ஷம்பு வாளி. சோம்பல் வருகிற இடம் இதுதான். மூன்றாவது கதவில் பலர் அலசலை விட்டுவிடுவார்கள்.

அலசி முடிந்ததும் ஒதுக்கி வைத்த நல்ல தண்ணீரைக் கூரையிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். பிறகு பெரிய துவாயை விரித்துப் பொனட் மேல் படுக்கப் போட்டு, இரண்டு மூலையைப் பிடித்து மெல்ல உங்கள் பக்கம் இழுங்கள். தண்ணீர் முழுவதும் துவாய்க்குள் ஏறிவிடும். தேய்க்கத் தேவையே இல்லை. கதவுகளையும் டிக்கியையும் திறந்து விளிம்பில் நிற்கிற தண்ணீரைத் துடையுங்கள், துரு முதலில் வருவது அங்கேதான்.

முல்லைத்தீவுக் கடற்கரை, ஆனையிறவு, மன்னார்ப் பாலம் பக்கம் அடிக்கடி போய்வருபவர்கள் காரின் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் அலச வேண்டும். உப்பு மேலே தெரிவதில்லை.

மேலே என்ன பூசுவது

வக்ஸ் டப்பாவில் ‘கார்னோபா’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அது பிரேசிலின் வடகிழக்கில் வளருகிற ஒரு பனையின் ஓலையில் படிகிற மெழுகு; தாவரவியலில் நம் பனையும் அதே குடும்பம்தான். வறண்ட நிலத்தில் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க அந்த மரம் தன் ஓலையில் மெழுகு பூசிக்கொள்கிறது. மினுக்கம் வடிவாக இருக்கும். ஆனால் நம் வெயிலில் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். பூசுவதற்கும் காய விட்டுத் துடைத்தெடுப்பதற்கும் அரை நாள் போகும். தூசி பறக்கிற முற்றத்தில் அந்த அரை நாள் தலைவலி.

ஆரம்பக்காரருக்கு ஸ்பிரே சீலன்ட் நல்லது. ‘செரமிக் ஸ்பிரே’ என்று விற்பதும் இந்த இனம்தான். கழுவிக் காய்ந்த பெயின்ட்டில் ஒரு பலகைக்கு இரண்டு அடி அடித்து, ஒரு துணியால் பரப்பி, இன்னொரு துணியால் துடைத்தால் முடிந்தது. அடுத்த தடவை மண் இலேசாக வழிந்துபோகும், அதுதான் இதன் உண்மையான பயன். பெட்டியில் 12 மாதம் என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். தண்ணீர் மணிமணியாக உருளுகிற வரைக்கும் இருக்கிறது, பரந்து நிற்கத் தொடங்கினால் திரும்பப் பூசுங்கள்.

உடனே கவனிக்க வேண்டிய கறைகள்

மரநிழல் இல்லாமல் இங்கே காரை நிறுத்த முடியாது. நிழல் தருகிற மரத்தில் காகமும் வௌவாலும் இருக்கும். எச்சத்தில் இருக்கிற அமிலம் வெயில் சூட்டில் கிளியர் கோட்டை அரித்துவிடும், சில மணித்தியாலம் போதும். ஒரு சின்ன ஸ்பிரே போத்தலில் தண்ணீரும் ஒரு துணியும் காருக்குள் எப்போதும் வைத்திருங்கள். நனைத்த துணியை எச்சத்தின் மேல் சில நிமிடம் போட்டு ஊற வைத்து, பிறகு தூக்கி எடுங்கள். காய்ந்ததைச் சுரண்டினால் அதற்குள் இருக்கிற விதையும் மணலும் கீறும். மாரியில் இரவில் ஓடினால் முன்பக்கம் முழுவதும் ஈசல் ஒட்டியிருக்கும், அதற்கும் இதே வைத்தியம்.

மரப்பாலுக்கு பார்மசியில் வாங்குகிற ஸ்பிரிட் துணியில் சிறிது. தார்ப்பொட்டுக்கு மண்ணெண்ணெய் துணி நுனியில் சிறிது, உடனே ஷம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். காரை மினுக்க மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரால் முழுவதும் துடைக்கிற பழைய முறையை விட்டுவிடுங்கள். அந்த மினுக்கம் எண்ணெய்ப் படலம், அடுத்த ஒழுங்கையிலேயே தூசியை வாரி ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், புது வாகனம் எடுத்தால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் காட்டாமல் விடமாட்டோம். பொட்டு வைப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைக் காரின் பொனட்டில் வைத்த குங்குமச் சாயம் இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்தால் நிழல்போல் தங்கிவிடும். அன்று மாலையே நனைத்து எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

உட்பக்கம்

சிகரட் லைட்டர் துளையில் செருகுகிற சின்ன வக்கியூம் கிளீனர் நம் மண்ணுக்குத் தாங்காது. வீட்டு வக்கியூம் இருந்தால் அதற்கு ஒடுங்கிய நுனி மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஈரம், உலர் இரண்டையும் இழுக்கிற 15, 20 லீற்றர் டிரம் வகையை வாங்கினால் மாரியில் நனைந்த காபெற்றையும் உறிஞ்சலாம், வீட்டுக்கும் உதவும். கூடவே ஹாட்வெயாரில் ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ் ஒன்று. ஏசி வாயில்களிலும் பொத்தான் இடுக்குகளிலும் தூசியை அதனால் கிளப்பிக்கொண்டே வக்கியூமால் இழுங்கள்.

ஹைபிரிட் கார் என்றால் ஒரு வேலை கூட இருக்கிறது. அக்குவா, அக்சியோ, பிரியஸ் மாதிரிக் கார்களில் பின் சீட் பக்கத்தில் ஒரு சல்லடை வாய் இருக்கும். பெரிய பற்றரியைக் குளிர வைக்கிற காற்று உள்ளே போவது அதனூடாகத்தான். நம் தூசி அதை அடைத்தால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். ஒவ்வொரு தடவையும் பிரஷ்ஷாலும் வக்கியூமாலும் அதைச் சுத்தம் செய்யுங்கள், தண்ணீர் படக்கூடாது. அதன் மேல் பையோ துணியோ வைக்கவும் கூடாது. பொனட்டுக்குள்ளே செம்மஞ்சள் நிற வயர்கள் போகிற இடத்தில் தண்ணீர் அடிக்க வேண்டாம்.

டாஷ்போட்டுக்கு, மினுங்காத, தண்ணீரில் கரைகிற வகை திரவம் வாங்குங்கள். மினுக்குகிறது கண்ணாடியில் பிரதிபலித்துப் பகலில் கண்ணைக் கூசச் செய்யும். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். தூசி ஒட்டும், சிக்குமணம் வரும். கண்ணாடிக்குத் தனித் துணி, டின்ட் ஒட்டியிருந்தால் அமோனியா இல்லாத திரவம்.

இப்போதைக்கு வேண்டாம்

இறகுபோன்ற டஸ்டர், உலர்ந்த துணி, எந்த வடிவிலும் வேண்டாம். டயர் மினுக்கி ஜெல் வேண்டாம், கிரவலில் ஒரு கிலோமீற்றர் ஓடினால் டயர் செங்கல் நிறமாகிவிடும். காரைத் தறப்பாளால் மூடாதீர்கள். காற்றில் அது அடித்து அடித்து மண்ணை வைத்தே அரைக்கும், உள்ளே ஈரமும் தங்கும். தகரக் கொட்டகை ஒன்று போட வசதி இருந்தால் எந்தக் கவரையும் விட அது மேல்.

கழுவியும் போகாமல் பெயின்ட்டில் ஒட்டியிருக்கிற அழுக்கை இழுத்தெடுக்கிற, களிமண்போல் இருக்கிற கிளே பார் நல்ல பொருள்தான். கழுவிய பெயின்ட்டை மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டித் தடவும்போது சொரசொரவென்று பட்டால் அது தேவை. ஆனால் சரியாகக் கழுவப் பழகாமல் அதைத் தொட்டால் மிச்சம் இருக்கிற மணலை உருட்டித் தேய்ப்பீர்கள். ‘கட் அண்ட் பொலிஷ்’ செய்கிற மெசினும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட்டில் கொஞ்சத்தைச் சீவித்தான் கீறலை மறைக்கிறது. தேவைப்பட்டால் கை தேர்ந்தவரிடம் ஒரு தடவை கொடுங்கள், வருடா வருடம் வேண்டாம்.

துணிகளைக் காப்பது

மைக்ரோபைபர் துணிகளை வீட்டு உடுப்போடு தோய்க்காதீர்கள், பருத்தித் துணியின் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். உடுப்பை மென்மையாக்குகிற வாசனைத் திரவம் போட்டால் துணி தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சிறிது கார் ஷம்பு போட்டே அலசலாம். வெளிக் கொடியில் காயப் போட்டால் கச்சான் காற்று மண்ணைக் கொண்டுவந்து அதிலேயே சேர்க்கும், வீட்டுக்குள் காய விட்டு மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

கழுவும்போது மிட்டோ துவாயோ நிலத்தில் விழுந்தால் விழுந்ததுதான். உதறிவிட்டுத் திரும்பப் பெயின்ட்டில் வைக்க வேண்டாம், மாற்றுத் துணி எடுங்கள். விழுந்த துணி சில்லு வாளிக்குப் போகட்டும். அங்கே தேய்ந்ததும் எஞ்சின் பக்கத்துக்கு, அதற்கும் ஆகாதபோது சைக்கிள் செயின் துடைக்க.